பாதி வழியிலேயே விழும் எழுத்து: மெக்கானிக்கல் கீபோர்டு விரலுக்கு ஏன் இதமாக இருக்கிறது?

மெக்கானிக்கல் கீபோர்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை பலவண்ண விளக்குகளும் 'டக் டக்' சத்தமும்தான். ஓஎம்ஆர் பக்கம் ஐ.டி. வேலையில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் கேம் ஆடுற பசங்களுக்குப்பா" என்பார் ஒருவர். "அதை வாங்கினதும் என் கைவலியே போச்சு" என்பார் இன்னொருவர். "டைப்பிங் ஸ்பீடு ஏறும்" என்பார் மூன்றாமவர். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் விளக்குக்கும் டைப்பிங்குக்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் சத்தம் ஒரு வகைக்கு மட்டுமே உரியது. கைவலி தனிக்கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

உண்மையான விஷயம் இருப்பது, ஒரு கீ மேலிருந்து கீழே இறங்கும் சுமார் 4 மில்லிமீட்டருக்குள். அந்தத் தூரத்தில் எந்த இடத்தில் எழுத்து பதிவாகிறது? பதிவானது விரலுக்குத் தெரிகிறதா? விலை, பிராண்டு, விளக்கு எல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்குப் பின்னால்தான்.

ரிமோட்டும் லைட் சுவிட்சும்

டிவி ரிமோட்டில் சேனல் மாற்றப் பட்டனை அழுத்துகிறோம். மாறவில்லை. அடுத்து என்ன செய்கிறோம்? இன்னும் பலமாக அழுத்துகிறோம். பேட்டரி தீர்ந்திருந்தால் எவ்வளவு பலமாக அழுத்தினாலும் பயனில்லை என்று தெரிந்தும் கட்டைவிரல் நகம் வெளுக்கும் வரை அழுத்துவோம். காரணம், அழுத்தியது போதுமா போதாதா என்று அந்த ரப்பர் பட்டன் விரலுக்குச் சொல்வதே இல்லை.

சுவரில் இருக்கும் லைட் சுவிட்ச் அப்படியில்லை. இருட்டில் தடவிப் போட்டாலும் பாதி வழியில் அது தானாகப் புரண்டு 'டக்' என்று விழுந்துவிடும். விழுந்த பிறகு யாரும் அதைப் பிடித்து அழுத்திக்கொண்டு நிற்பதில்லை. பல்பு ஃபியூஸ் போயிருந்தால்கூட, தப்பு சுவிட்சில் இல்லை என்று விரலுக்குத் தெரியும்.

சாதாரண கீபோர்டு இதில் ரிமோட்டின் பக்கம், மெக்கானிக்கல் கீபோர்டு லைட் சுவிட்சின் பக்கம். ரிமோட்டைப் பொறுத்தவரை இது உவமையோடு நிற்பதுமில்லை. உள்ளே நடக்கும் வேலையும் ஏறக்குறைய அதேதான்.

சாதாரண கீபோர்டுக்குள் என்ன இருக்கிறது

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீபோர்டைத் திருகு கழற்றித் திறந்தால் உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். நடுத்தாளில் ஒவ்வொரு கீக்கும் நேராக ஓர் ஓட்டை. இந்தத் தாள் அடுக்குக்குப் பெயர்தான் மெம்பிரேன். அதற்கு மேலே, ஒவ்வொரு கீக்கும் ஒன்று என்று கவிழ்த்த கிண்ணம் போன்ற ரப்பர் குமிழ்கள்.

கீயை அழுத்தினால் குமிழ் நசுங்கும். நசுங்கி, மேல் தாளை ஓட்டை வழியாகக் கீழ்த் தாளோடு தொட வைக்கும். தொட்டால் எழுத்து.

இதில் சிக்கல் எங்கே? குமிழ் முதலில் முரண்டு பிடிக்கும், அப்புறம் சட்டென்று உள்வாங்கும். விரல் உணர்வது அந்த உள்வாங்கலைத்தான். ஆனால் தாள்கள் தொட்டுக்கொள்வது அதற்கும் கீழே, பயணத்தின் ஏறக்குறைய கடைசியில். அதனால் எழுத்து நிச்சயம் விழ வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் அடி வரைக்கும் போயாக வேண்டும். பாதியில் விட்டால் எழுத்து விடுபடும். இரண்டு முறை விடுபட்டதும் விரல் பாடம் கற்றுக்கொண்டு அடுத்த முறையிலிருந்து ஓங்கித் தட்டும்.

ரப்பருக்கு வயதும் ஆகும். நாள்பட நாள்பட அதிகம் புழங்கும் கீ ஒரு மாதிரியும், தொடாமல் கிடக்கும் கீ ஒரு மாதிரியும் ஆகிவிடும். ஒரே கீபோர்டில் கீக்கு ஒரு பலம் என்று விரல் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

லேப்டாப் கீபோர்டிலும் பெரும்பாலும் இதே ரப்பர்தான். கூடவே கத்தரிக்கோல் போலக் குறுக்காக மடியும் சிறு பிளாஸ்டிக் சட்டம் ஒன்று கீயை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். இறங்கும் தூரமும் குறைவு. அதனால் சில நல்ல லேப்டாப் கீபோர்டுகள் மட்டமான மெக்கானிக்கலைவிட இதமாகவே இருக்கும். இதை மெக்கானிக்கல் ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச்

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். சின்னப் பெட்டி ஒன்று. அதற்குள் மேலும் கீழும் போய்வரும் பிளாஸ்டிக் தண்டு, தண்டைத் திரும்பத் தள்ளிவிட ஒரு சுருள் ஸ்பிரிங், ஓரத்தில் இரண்டு உலோகத் தகடுகள். தண்டு மேலே இருக்கும்போது அதன் கால் இரண்டு தகடுகளையும் பிரித்து வைத்திருக்கும். தண்டு கீழே இறங்கியதும் கால் விலகும், தகடுகள் தொட்டுக்கொள்ளும், எழுத்து பதிவாகும்.

முக்கியமானது இதுதான்: தகடுகள் தொட்டுக்கொள்வது அடியில் இல்லை, நடுவழியில். அந்த இடத்தை ஆக்சுவேஷன் பாயிண்ட் என்பார்கள். நாம் 'பதிவுப் புள்ளி' என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மானிய நிறுவனமான செர்ரி 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சுகள்தான் இன்று சந்தையில் உள்ள பெரும்பாலானவற்றுக்கு மூலம். அதன் சிவப்பு வகையில் மொத்தப் பயணம் 4 மில்லிமீட்டர், பதிவுப் புள்ளி 2 மில்லிமீட்டரில். அதாவது சரிபாதியில். மீதிப் பாதி, தேவைப்பட்டால் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உபரி.

அந்தப் புள்ளியை எட்ட வேண்டிய அழுத்தம் சுமார் 45 கிராம். சென்டிநியூட்டன் என்ற அலகில் குறிப்பிடுவார்கள், கிராம் என்றே எடுத்துக்கொண்டாலும் பெரிய வித்தியாசம் வராது. பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏழே முக்கால் கிராம் அளவு இருக்கும், ஆக ஆறு நாணயங்களின் எடை. கடைக்காரர் வாங்க மறுத்ததால் வீட்டில் சேர்ந்து கிடக்கும் நாணயங்களில் ஆறை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு சொற்பமான அழுத்தம் என்று புரியும்.

சொற்பம்தான், ஆனால் பெருக்கிப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆங்கிலத் தட்டச்சு முதுநிலைத் தேர்வின் வேகம் நிமிடத்துக்கு 45 சொல். ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டல் என்பது கணக்கு. நிமிடத்துக்கு 225, மணிக்கு 13,500 தட்டல். ஒரு தட்டலுக்குக் கொஞ்சம் அழுத்தம் மிச்சமானாலும் மாலைக்குள் விரல் அதை உணரும்.

இதுவரை பார்த்தது: ரப்பர் கீபோர்டில் எழுத்து அடியில் விழுகிறது, அதனால் அடிவரை அழுத்துகிறோம். மெக்கானிக்கலில் நடுவழியில் விழுகிறது, ஸ்பிரிங் எல்லாக் கீக்கும் ஏறக்குறைய ஒரே பலத்தில் எதிர்க்கிறது. 'இதம்' என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்த இரண்டில் அடங்கிவிடும்.

இங்கே ஓர் இடைச்செருகல். 1985இல் ஐபிஎம் கொண்டுவந்த மாடல் எம் என்ற கீபோர்டை இன்றும் பலர் கோயில் சிலை மாதிரி பாதுகாக்கிறார்கள். அழுத்தினால் அதன் ஸ்பிரிங் பாதியில் சட்டென்று வளைந்து மடங்கும், அந்த இடத்திலேயே எழுத்தும் விழும். ஆனால் அடியில் இருப்பது மெம்பிரேன் தாள்தான்! ஆகவே 'உள்ளே மெம்பிரேன் இருந்தால் மட்டம்' என்று பெயரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. விரலுக்கு என்ன தெரிகிறது என்பதே அளவுகோல்.

சிவப்பு, பிரவுன், நீலம்

பதிவுப் புள்ளி நடுவழியில் இருந்தால் போதுமா? அது வந்துவிட்டது என்று விரலுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லும் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. செர்ரி வைத்த நிறங்களையே எல்லோரும் அடையாளமாகச் சொல்வது வழக்கம்.

சிவப்பு, லீனியர் வகை. மேலிருந்து கீழ்வரை வழவழவென்று ஒரே சீராக இறங்கும், வழியில் எந்த அறிகுறியும் இருக்காது. அப்படியானால் பதிவானது எப்படித் தெரியும்? தெரியாது! விளையாடுபவர்களுக்கு அது பொருட்டில்லை, வேகமாக அழுத்தி எடுத்தால் போதும். டைப் செய்பவர்களில் சிலருக்கு அந்த வழுக்கல் பிடிக்கும், சிலருக்குக் கை தவறித் தப்பெழுத்து விழும்.

பிரவுன், டாக்டைல் வகை. சுவிட்சுக்குள் தண்டின் காலில் ஒரு சிறு மேடு இருக்கும். பதிவுப் புள்ளிக்குச் சற்று முன்னால் அந்த மேடு தகட்டில் ஏறி இறங்குவதை விரல் உணரும். 'ஆச்சு, விடலாம்' என்பதற்கான சைகை அது. செர்ரி பிரவுனில் மேடு ரொம்பவே சிறியது. அது மேடா, சிவப்பு சுவிட்சில் விழுந்த மணலா என்று கீபோர்டு பைத்தியங்கள் கேலி செய்வார்கள். மேடு பெரிதாக உள்ள டாக்டைல் சுவிட்சுகளை வேறு நிறுவனங்கள் செய்கின்றன.

நீலம், கிளிக்கி வகை. மேட்டோடு சத்தமும் சேர்ந்து வரும். தண்டோடு ஒட்டாமல் தளர்வாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் வளையம், பதிவுப் புள்ளி அருகே சட்டென்று கீழே பாய்ந்து மோதும். அந்த மோதல்தான் 'கிளிக்'. இங்கே காதுக்கும் விரலுக்கும் ஒரே சமயத்தில் செய்தி போகிறது. மூன்றிலும் தெளிவான சைகை இதுதான், சந்தேகமில்லை. ஆனால் திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறையைப் பகிர்ந்துகொண்டு, நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் இதை வாங்கினால் நட்பு ஒரு வாரம் தாங்காது. வீடியோ மீட்டிங்கில் மைக் திறந்திருந்தால் எதிர்முனையில் இருப்பவர்களுக்கு உங்கள் பேச்சுக்கு நடுவே ஆலங்கட்டி மழை கேட்கும்.

இதிலிருந்தே தெரியும்: 'மெக்கானிக்கல் என்றால் சத்தம்' என்பது நீலத்துக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. சிவப்பிலும் பிரவுனிலும் கேட்கிற சத்தம் பெரும்பாலும் கீ அடியில் மோதுவதாலும் திரும்ப மேலே வந்து முட்டுவதாலும் வருவது. மெதுவாகத் தட்டினால் அதுவும் குறையும். சத்தம் குறைக்க உள்ளேயே மெத்தை வைத்த சுவிட்சுகளும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. செர்ரியின் பழைய காப்புரிமை காலாவதியானதும் கேட்டரான், கெய்ல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் சுவிட்ச் செய்யத் தொடங்கின. பலவும் தரமானவை. ஆனால் நிறத்துக்குச் சட்டம் ஏதுமில்லை. மஞ்சள், ஊதா, வெள்ளை என்று ஆளுக்கொரு நிறம். பெட்டியில் லீனியரா, டாக்டைலா, கிளிக்கியா என்று பாருங்கள்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் விரல்கள்

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் பேட்டைக்கு ஒன்றாவது இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் 'ஏ எஸ் டி எஃப்' அடித்துப் பழகியவர்கள் ஏராளம். டைப்ரைட்டரில் எழுத்து விழ வேண்டுமென்றால் இரும்புக் கை ஒன்று எழும்பி ரிப்பன்மேல் அறைய வேண்டும். அதற்கான பலம் முழுவதும் விரலிலிருந்து வந்தாக வேண்டும். பயந்து தட்டினால் எழுத்து மங்கலாக விழும், மாஸ்டர் முறைப்பார். அப்படிப் பழகிய விரல் எந்தக் கீபோர்டைக் கொடுத்தாலும் அறையத்தான் செய்யும்.

இந்தப் பழக்கத்தோடு மெக்கானிக்கலுக்கு வந்தால் முதலில் ஏமாற்றம்தான். ரப்பர் குமிழுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அடியில் மெத்தை மாதிரி வாங்கிக்கொள்ளும். மெக்கானிக்கலில் அடியில் இருப்பது பிளாஸ்டிக்கின்மேல் பிளாஸ்டிக். ஓங்கித் தட்டினால் அந்த அதிர்வு நேராக விரல் மூட்டுக்கு வரும். அதாவது, அடிவரை அறைகிறவருக்கு மெக்கானிக்கல் சில சமயம் ரப்பரைவிடக் கடினமாக இருக்கும். விலை கொடுத்து வாங்கிவிட்டு, "என்னங்க, விரல் இன்னும் வலிக்குது" என்பவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

முழுக்க அடி படாமல் டைப் செய்வது பெரும்பாலோருக்கு முடியாது, அவசியமும் இல்லை. நடப்பது வேறு: எழுத்து பாதியிலேயே விழுகிறது என்ற நம்பிக்கை வந்ததும் விரல் தானாகவே பிடியைத் தளர்த்துகிறது. அடியைத் தொட்டாலும் அறைந்து தொடுவதில்லை. கொஞ்ச நாள் பிடிக்கும். டாக்டைல் மேடு இருந்தால் சீக்கிரம் பழகும், சிவப்பில் தாமதமாகும். ஓங்கித் தட்டும் கை என்றால் சற்று கடினமான ஸ்பிரிங் நல்லது. செர்ரியின் கறுப்பு வகை 60 கிராம், லீனியர்தான், ஆனால் விரல் தானாகச் சரிந்து அடியில் விழாமல் தாங்கும்.

வேகம் ஏறுமா? விரலின் வேகம் பயிற்சியால் வருவது. கீபோர்டு மாறியதும் கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். விடுபட்ட எழுத்துக்குத் திரும்பிப் போகும் வேலை குறைந்தால் அந்த அளவுக்கு நேரம் மிச்சம்.

சரி, கைவலி?

கைவலி என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு சமாசாரம் கலந்திருக்கிறது. விரல் நுனியிலும் மூட்டிலும் வரும் அலுப்பு ஒன்று. மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை வலி இன்னொன்று. சுவிட்ச் உதவக்கூடியது முதலாவதற்கு மட்டும். இரண்டாவது, கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கே சுவிட்ச் சிவப்பாக இருந்தால் என்ன, நீலமாக இருந்தால் என்ன?

சொல்லப்போனால் மெக்கானிக்கல் கீபோர்டு இந்த விஷயத்தில் ஒரு படி பின்னால்தான். சுவிட்சின் உயரத்தால் கீபோர்டே உயரமாகிவிடுகிறது. மேசையில் மணிக்கட்டை ஊன்றி அந்த உயரத்துக்கு விரலைத் தூக்கினால் மணிக்கட்டு பின்னோக்கி வளையும். நாள் முழுக்க அப்படி வளைந்திருப்பதுதான் தொந்தரவு. கீபோர்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு கால்களையும் விரித்து வைத்தால் வளைவு இன்னும் கூடும். எழுத்துகளைக் குனிந்து பார்த்துத் தட்டுபவருக்குத்தான் அந்தக் கால்கள். பார்க்காமல் தட்டுபவர்கள் மடக்கியே வைக்கலாம்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் பலர் சாப்பாட்டு மேசையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டைப் செய்கிறார்கள். மேசை சுமார் 30 அங்குல உயரம், நாற்காலி தாழ்வு. முழங்கை மேசைக்குக் கீழே போய்விடும், தோள் தூக்கிக்கொள்ளும். அங்கே ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கீபோர்டு வாங்குவதற்கு முன்னால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்து பாருங்கள். முழங்கையும் கீயும் ஒரே மட்டத்துக்கு வந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எண் பகுதி இல்லாத குட்டைக் கீபோர்டு இன்னொரு உதவி. கணக்கு வேலை பார்ப்பவருக்கு அது சரிப்படாது. மற்றவர்களுக்கு மவுஸ் பக்கத்தில் வந்துவிடும், வலது கை அகல நீள வேண்டியதில்லை. இரண்டாகப் பிரிந்த கீபோர்டும் இருக்கிறது, தோள் அகலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மரத்துப்போதல், ராத்திரியில் விரல் கூசுதல் என்று அறிகுறி இருந்தால் கீபோர்டுக் கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

இந்தப் பகுதியைச் சுருக்கினால்: சுவிட்ச் விரலுக்கு, உயரமும் கோணமும் மணிக்கட்டுக்கு. ஒன்றுக்கு வாங்கியதை மற்றதற்கு மருந்தென்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் தமிழ் வருமா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. வரும். கீபோர்டு கணினிக்கு அனுப்புவது எழுத்தை அல்ல, எந்தக் கீ அழுத்தப்பட்டது என்ற எண்ணை. அதை 'க' என்பதா 'h' என்பதா என்று முடிவு செய்வது கணினியில் இருக்கும் மென்பொருள். மூன்று தாள் கீபோர்டுக்கும் மெக்கானிக்கலுக்கும் இதில் வித்தியாசமில்லை.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. நடு வரிசையில் இடக்கையில் அ, இ, உ, வலக்கையில் க, ப, ம, த. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ நான்கே தட்டல், புள்ளி தானாக விழும். இரண்டு கையும் மாறிமாறி வேலை செய்வதால் ஒரு கையின் விரல் மேலே எழும்பும்போதே மறு கையின் விரல் இறங்கும். எழுத்து பாதி வழியில் விழும் சுவிட்சில் இந்தத் தாளம் நன்றாக அமையும் என்பது என் எண்ணம்.

தமிழ் எழுத்து பொறித்த கீகேப் கிடைப்பது அரிது. கீகேப் என்றால் சுவிட்சின்மேல் மாட்டும் மூடி, கழற்றி மாற்றலாம். ஸ்டிக்கர் ஒட்டலாம், வியர்வையில் ஓரம் பிரியும். மனப்பாடமாகிவிட்டால் எதுவும் வேண்டாம். எஃப், ஜே கீகளில் இருக்கும் சிறு கோடு, தமிழ் 99இல் புள்ளிக்கும் 'ப'வுக்கும் வந்து நிற்கும்.

ரிச்சி தெருவுக்குப் போவதற்கு முன்

படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்குவதைவிட, சென்னையில் கணினிப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி விரலால் தொட்டுப் பார்ப்பது மேல். ஒரே கீயைத் தட்டிவிட்டு 'நல்லாருக்கு' என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு வரி முழுதாக டைப் செய்து பாருங்கள். ஸ்பேஸ் பாரை நடுவிலும் இரண்டு ஓரத்திலும் தட்டிப் பாருங்கள். நீளமான கீகளைச் சாயாமல் தாங்கும் கம்பிக்கு ஸ்டெபிலைசர் என்று பெயர், மட்டமான கீபோர்டில் முதலில் லொடலொடப்பது அதுதான்.

நம் கடற்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். உலோகத் தகடுகள் தொடும்போது சில மில்லிவினாடிகள் துள்ளும். கீபோர்டில் இருக்கும் சில்லு அந்தத் துள்ளலைப் பொருட்படுத்தாமல் காத்திருக்கும். தகட்டில் ஈரமும் அழுக்கும் ஏறிவிட்டால் துள்ளல் நீண்டு, ஒரு முறை தட்டினால் எழுத்து இரண்டாக விழும். செர்ரி தன் தகடுகள் தொடும் முனையில் தங்கம் வைப்பது இதற்காகத்தான். தகடே இல்லாமல் ஒளியாலோ காந்தத்தாலோ வேலை செய்யும் சுவிட்சுகளில் இந்தத் தொல்லை இல்லை.

முதன்முதலாக வாங்குபவருக்கு என் பரிந்துரை, ஹாட் ஸ்வாப் வசதி உள்ள டாக்டைல் கீபோர்டு. ஹாட் ஸ்வாப் என்றால் சாலிடரிங் இல்லாமல் சுவிட்சைப் பிடுங்கி வேறு மாட்டும் வசதி. ஒரு கீ கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். டாக்டைல் பிடிக்காவிட்டால் சுவிட்சுகளை மட்டும் வாங்கி முழுவதையும் லீனியராக்கிக்கொள்ளலாம், கீபோர்டு அதேதான். பிடுங்கும்போது நேராக மேலே இழுங்கள், மாட்டும்போது அடியில் இருக்கும் இரண்டு மெல்லிய ஊசிகளும் வளையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.